திடலில் புல் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்து விதைக் கலவையைத் திருத்தும் வழிமுறை

விளையாட்டுத் திடலில் புல் சரியாக வரவில்லை என்றால் முதல் பழி விதை விற்றவர் மேல் விழும். அடுத்தது தண்ணீர் விடுகிறவர் மேல். பல நேரம் இருவர் மேலும் தவறு இருக்காது. விதை நல்ல விதைதான், ஆனால் அந்தத் திடலுக்கும் அந்தப் பருவத்துக்கும் ஒத்துவராத கலவை.

உங்கள் திடலில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் ஒரு தடவை படித்துவிடுங்கள். எந்தப் புல் என்ன செய்யும் என்று தெரியாமல் மற்றது விளங்காது.

எந்தப் புல் என்ன வேலைக்கு

ஆட்டத் திடலில் புல்லுக்கு இரண்டு வேலை. மிதி தாங்க வேண்டும், கிழிந்த இடத்தைத் தானே மூட வேண்டும். குளிர்ப் பருவப் புற்களில் இரண்டையும் நன்றாகச் செய்யும் ஒரே புல் கிடைப்பது அரிது. கலவை என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான்.

பெரெனியல் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். மிதி தாங்குவதில் குளிர்ப் பருவப் புற்களில் அதற்குத்தான் முதல் இடம். ஆனால் முளைத்த இடத்திலேயே தூர் கட்டி நிற்கும், பக்கத்துக் காலியிடத்துக்கு நகராது. கென்டக்கி புளூகிராஸ் இதற்கு நேர் எதிர். முளைக்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். வேர் பிடித்துவிட்டால் மண்ணுக்கடியில் தண்டை ஓட விட்டுக் காயத்தை மூடும். டால் ஃபெஸ்கியூ 7 முதல் 14 நாளில் முளைத்து, ஆழமாக வேர் விட்டு, வெயிலையும் வறட்சியையும் மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். இலை கொஞ்சம் முரடு, அதுவும் பெரும்பாலும் தூர் கட்டும் சாதிதான். ஃபைன் ஃபெஸ்கியூ என்று ஒன்று உண்டு. நிழலுக்கு நல்லது, மிதிக்கு ஆகாது. ஆட்டம் நடக்கும் பகுதியில் அதற்கு இடம் இல்லை.

வெப்பப் பருவப் புற்களில் முதலில் வருவது அருகம்புல். விதைப் பையில் பெர்முடா என்று போட்டிருப்பது இதுதான். தரைக்கு மேலும் கீழும் தண்டு ஓட்டும், மிதியும் தாங்கும், காயத்தையும் வேகமாக மூடும். நிழலும் குளிரும் அதற்கு ஆகாது. ஸோய்சியா அடர்த்தியாக வரும், வளர்ச்சி மெதுவு. பாஸ்பாலம் உப்பைத் தாங்கும்.

மூன்று வாரம் ஆகியும் தரை வெறும் தரையாகவே இருக்கிறது

முதலில் மண்ணின் வெப்பநிலையைப் பாருங்கள். காற்றின் வெப்பநிலை இங்கே ஏமாற்றும். காலையில் 5 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகினால் போதும். ரைகிராஸ், ஃபெஸ்கியூ, புளூகிராஸ் மூன்றுக்கும் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வசதி. அருகம்புல்லுக்குக் குறைந்தது 18 வேண்டும், 20-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. மண் 14 டிகிரியில் இருக்கும்போது அருகம்புல் விதையைத் தூவிவிட்டுக் காத்திருந்தால், முளைப்பதற்கு முன் பாதி அழுகிப் போகும். அழுகாததைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

வெப்பநிலை சரி என்றால் களைக்கொல்லியைச் சந்தேகியுங்கள். பென்டிமெத்தலின், புரோடயமின் போன்று களை முளைக்கும் முன் தெளிக்கும் மருந்துகளுக்குக் களை விதை எது, நாம் போட்ட விதை எது என்று தெரியாது. அளவையும் மண்ணையும் பொறுத்து, தெளித்துப் பல மாதம் வரைகூட வேலை காட்டும். முன்பு திடலைப் பார்த்துக்கொண்டவர் கடைசியாக எப்போது என்ன தெளித்தார் என்று கேட்டு வாங்குங்கள். பதில் கிடைக்காவிட்டால் திடல் மண்ணை ஒரு தட்டில் எடுத்து, அதிலேயே பத்து நாள் ரைகிராஸ் விதையை முளைக்கவிட்டுப் பார்க்கலாம். வேர் நுனி குட்டையாகி முண்டு முண்டாக நின்றால் மருந்து இன்னும் மண்ணில் இருக்கிறது.

அடுத்தது விதைக்கே உயிர் இருக்கிறதா என்பது. நூறு விதையை எண்ணி, ஈரமான காகிதத் துண்டில் பத்து பத்தாக வரிசை வைத்து, சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரைகிராஸ் என்றால் பத்தாம் நாள் பிரித்துப் பார்க்கலாம். புளூகிராஸுக்கு நான்கு வாரம் கொடுங்கள், அதற்குள் எண்ணிவிட்டுத் திட்ட வேண்டாம். வெள்ளை வேரும் பச்சை முளையும் இரண்டும் வெளியே வந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள். வீங்கிப்போய் அப்படியே கிடப்பதும், பூஞ்சை படர்ந்ததும் கணக்கில் இல்லை.

கிடைத்த எண்ணைப் பையின் அட்டையோடு ஒப்பிடும்போது புறத்தூய்மையையும், அதாவது பையின் எடையில் அந்தப் புல்லின் விதை எத்தனை சதவீதம் என்பதையும், சேர்த்துப் பாருங்கள். புறத்தூய்மை 98 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும். வருவது 78.4 சதவீதம். அதாவது 10 கிலோ பையில் உண்மையில் முளைக்கக்கூடிய விதை 7.84 கிலோதான். மேல்பூச்சு பூசிய விதை என்றால் கணக்கு இன்னும் மோசம். அருகம்புல் விதையில் எடையில் பாதிகூட வெறும் பூச்சாக இருக்கும். பூச்சு கெட்டது என்று சொல்லவில்லை, ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும். ஆனால் பூசாத விதைக்குச் சொன்ன அளவைப் பூசிய விதைக்குப் போட்டுவிட்டு, திடல் சொட்டையாக இருக்கிறதே என்று கேட்பதில் பயனில்லை.

பூசாத நல்ல விதைக்கு, புதுத் திடலில் ஒரு சதுர மீட்டருக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: ரைகிராஸ் 30 முதல் 40 கிராம், டால் ஃபெஸ்கியூ 35 முதல் 45, புளூகிராஸ் 10 முதல் 15, உமி நீக்கிய அருகம்புல் விதை 5 முதல் 10. ஆழம் முக்கியம். ரைகிராஸும் ஃபெஸ்கியூவும் 6 முதல் 12 மி.மீ. வரை தாங்கும். புளூகிராஸும் அருகும் 6 மி.மீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் மேலே வராது.

கலவை போட்டோம், ஒரு புல்தான் வந்திருக்கிறது

அதிகம் கேட்கும் புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பெரும்பாலும் வந்திருப்பது ரைகிராஸாக இருக்கும், காணாமல் போனது புளூகிராஸாக இருக்கும்.

முதலில் வந்தது எது என்று உறுதி செய்யுங்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். அடித்தண்டு செம்மையாகவோ ஊதாவாகவோ இருந்து, இலையின் கீழ்ப்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தால் அது ரைகிராஸ். இலையின் நடுவே இரண்டு மெல்லிய கோடு இணையாக ஓடி, இலை நுனி படகு முனைபோல் குவிந்திருந்தால் புளூகிராஸ். விரலால் வருடினால் நுனி இரண்டாகப் பிளக்கும். இலை அகலமாக, மேற்பரப்பில் தடித்த வரிகளோடு, ஓரம் சொரசொரவென்று இருந்து, புது இலை மடிந்து வராமல் சுருண்டு வந்தால் டால் ஃபெஸ்கியூ. திடலில் பத்து இடத்தில் இப்படிப் பிடுங்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இப்போது கலவையின் கணக்கு. பையில் எழுதியிருக்கும் சதவீதம் எடைக் கணக்கு. திடலில் முளைப்பது எண்ணிக்கைக் கணக்கு. ரைகிராஸ் விதை சீரகம் அளவுக்கு இருக்கும், கிலோவுக்குச் சுமார் 5 லட்சம். புளூகிராஸ் விதை பொடி, ரகத்தைப் பொறுத்து மாறினாலும் கிலோவுக்குச் சுமார் 30 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். புளூகிராஸ் 80, ரைகிராஸ் 20 என்று 100 கிலோ கலவை வாங்கினால், அதில் புளூகிராஸ் விதை 24 கோடி, ரைகிராஸ் விதை 1 கோடி. இருபத்துநான்குக்கு ஒன்று! இதைப் பார்த்தால் ரைகிராஸ் பாவம் என்று தோன்றும். திடலில் நடப்பதோ வேறு. ரைகிராஸ் ஒரு வாரத்தில் எழுந்து, இரண்டாம் இலை விட்டு, வெளிச்சத்தையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும்போது புளூகிராஸ் விதை இன்னும் மண்ணுக்குள் ஊறிக்கொண்டிருக்கும். அதனால் 80க்கு 20 என்பது கிட்டத்தட்ட ஒரு எல்லைக்கோடு. ரைகிராஸ் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டினால் புளூகிராஸ் மேலோங்கி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 50க்கு 50 கலவையில் எண்ணிக்கைப்படி ஆறுக்கு ஒன்று என்று புளூகிராஸ் பக்கம் இருந்தும், முதல் வருடத்தில் நீங்கள் பார்ப்பது ரைகிராஸ் திடலைத்தான்.

சரி, பையில் 80க்கு 20 தான், ஆனாலும் புளூகிராஸ் வரவில்லை என்றால்? அங்கேதான் தண்ணீர் வருகிறது. பத்தாம் நாள் திடல் பச்சையாகத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லோரும் முளைத்துவிட்டது என்பார்கள், தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று தடவையிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு தடவை என்று குறைந்துவிடும். பதினாறாம் நாள் புளூகிராஸ் வேர் நுனியை நீட்டும்போது மேல் மண் காய்ந்திருக்கும். ஒரே ஒரு வெயில் நாள் போதும், அது செத்துவிடும். செத்தது கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் திடல் ரைகிராஸால் பச்சையாகவே இருக்கும். ஆகவே கலவையில் மெதுவான புல் இருந்தால், மெதுவான புல்லின் நாள் கணக்குக்குத் தண்ணீர் விட வேண்டும். குறைந்தது நான்கு வாரம் மேல் மண் காயக் கூடாது. அதற்காகத் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், வெக்கையான நாட்களில் நாற்றழுகல் வந்து திட்டுத் திட்டாக விழுந்துவிடும். ரைகிராஸ் உயர்ந்து நிழல் கட்டும் முன் கூரான கத்தி உள்ள இயந்திரத்தால் முதல் வெட்டு கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் இயந்திரத்தில் இருக்கிறது. பெரிய விதையும் பொடி விதையும் சேர்ந்த கலவையைத் தூவு பெட்டியில் போட்டு ஆட்டி ஆட்டி ஓட்டினால் பொடி விதை அடியில் இறங்கிவிடும். திடலின் ஆரம்பத்தில் ஒரு புல், கடைசியில் இன்னொரு புல் என்று பட்டைபட்டையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். பெட்டியை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முடிந்தால் இரண்டு புல்லையும் தனித்தனியாக வாங்கி, ஒன்றை நீளவாட்டிலும் மற்றதைக் குறுக்காகவும் விதைப்பது இன்னும் நல்லது. தனியாக வாங்கினால் விகிதமும் உங்கள் கையில் இருக்கும்.

எங்கள் திடலுக்கு ரைகிராஸே போதும், புளூகிராஸ் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். விம்பிள்டன் ஆடுகளத்தில் 70 சதவீதம் ரைகிராஸ், 30 சதவீதம் சிவப்பு ஃபெஸ்கியூ (ஃபைன் ஃபெஸ்கியூவில் ஒரு வகை) என்று இருந்த கலவையை 2001-ல் விட்டுவிட்டு முழுக்க ரைகிராஸுக்கு மாறினார்கள். மிதி தாங்கும் உறுதிக்காகத்தான். பையில் நாலு வகை இருந்தால் நல்ல கலவை என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைப் புல் திடல் கேட்கும் விலை ஒன்று உண்டு: கிழிந்த இடமெல்லாம் திரும்பத் திரும்ப விதை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆளும் நாளும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

கோல் முகப்பும் நடுப்பகுதியும் மட்டும் வழுக்கை

இங்கே பாதி நேரம் கலவை காரணமே இல்லை. நீளமான திருகுளியை எடுத்து வழுக்கையில் ஒரு முறை, ஓரத்தில் நன்றாக இருக்கும் புல்லில் ஒரு முறை குத்திப் பாருங்கள். ஓரத்தில் பிடிவரை இறங்கி, வழுக்கையில் இரண்டு விரல்கடைகூட இறங்காவிட்டால் மண் இறுகிக் கிடக்கிறது. எந்த விதையும் அதில் வேர் விடாது. மண் உருளையை வெளியே எடுக்கும் குழல் பல் இயந்திரத்தால் 7 முதல் 10 செ.மீ. ஆழம் துளையிட்டு, அப்புறம் விதையைப் பற்றி யோசிக்கலாம்.

மண் தளர்வாக இருந்தும் வழுக்கை என்றால், ஆட்டப் பருவம் நடக்கிறதா, முடிந்ததா என்பதுதான் கேள்வி. நடந்துகொண்டிருந்தால் ரைகிராஸைத் தவிர வேறு எதையும் தூவாதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் தூவிவிட்டால் வீரர்களின் பூட்ஸ் ஆணிகளே விதையை மண்ணுக்குள் அழுத்திவிடும். வாரா வாரம் இதைச் செய்கிற திடல்களில் கோல் முகப்பு முழு மொட்டையாவது அரிது. அவசரம் என்றால் விதையை முளை கட்டிப் போடலாம். துணிப் பையில் ரைகிராஸ் விதையைப் போட்டு ஊறவைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, இடையில் வடித்துக் காற்றாட விட்டு, வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும் நேரத்தில் உலர்ந்த மணலோடு புரட்டித் தூவுங்கள். வேர் நீளும்வரை விட்டால் கையாளும்போதே ஒடிந்துவிடும்.

பருவம் முடிந்து, அடுத்த ஆட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் அப்போது புளூகிராஸைச் சேருங்கள். அதற்கும் குறைவாக இருந்தால் புளூகிராஸ் விதை வீண். கோல் முகப்பை மட்டும் வெட்டி எடுத்து, தடிமனான புல்பாயை (வேறு இடத்தில் வளர்த்து மண்ணோடு பெயர்த்த புல்லை) பதிப்பதே மேல்.

அருகம்புல் திடலில் கோடைக் காலத்தில் வழுக்கை விழுந்தால் விதையைத் தேடி ஓடாதீர்கள். தழைச்சத்தும் தண்ணீரும் ஓய்வும் கொடுத்தால் ஓரத்தில் இருக்கும் தண்டே உள்ளே வந்து மூடும்.

குத்துக் குத்தாக, மேடு பள்ளமாக, காலில் தட்டுகிறது

டால் ஃபெஸ்கியூ திடலில் வருவது. தொடக்கத்தில் அடர்த்தியாக இருந்திருக்கும். மிதிபட்டு இடையில் உள்ளவை சாக, மிஞ்சிய ஒவ்வொரு தூரும் பருத்துத் தனிக் குத்தாகும். பந்து திசை மாறும், கணுக்காலும் பிசகும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விதை அளவு குறைவாக இருந்திருக்கும், அல்லது பரவும் புல் எதையும் சேர்க்காமல் ஃபெஸ்கியூவை மட்டும் போட்டிருப்பார்கள்.

ஃபெஸ்கியூ 90, புளூகிராஸ் 10 என்ற எடை விகிதம் இதற்கு நல்ல மருந்து. பத்து கிலோ என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 90 கிலோ ஃபெஸ்கியூவில் சுமார் 4 கோடி விதை, 10 கிலோ புளூகிராஸில் 3 கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சமம். ஃபெஸ்கியூ ரைகிராஸ் அளவுக்கு அடாவடி செய்யாது, ஆகவே இந்தக் கூட்டணி ஒத்துப்போகும். இதில் ‘சீக்கிரம் பச்சை தெரியட்டும்’ என்று ரைகிராஸையும் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். இரண்டையும் அமுக்கிவிடும்.

ஏற்கெனவே குத்துக் கட்டிவிட்ட திடலில், கீறி விதைக்கும் இயந்திரத்தால் இரண்டு திசையில் மேல்விதைப்பு (இருக்கும் புல்லின் மேலேயே விதைப்பது) செய்யலாம். வெட்டும் உயரத்தையும் பாருங்கள். டால் ஃபெஸ்கியூவை 4 செ.மீட்டருக்குக் கீழே தொடர்ந்து வெட்டினால் மெலிந்துகொண்டே போகும். கீழே வெட்டியே ஆக வேண்டிய ஆட்டம் என்றால் அந்தத் திடலுக்கு ஃபெஸ்கியூ சரியான தேர்வே இல்லை.

ஓடி நின்றால் புல் தோலாக உரிந்து வருகிறது

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். வேர் இருக்கிறதா? அறவே இல்லாமல், கம்பளம்போல் சுருட்ட வருகிறது என்றால் அடியில் மண்ணைக் கிளறுங்கள், சி வடிவில் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடைக்கும். வேர் இருக்கிறது, ஆனால் பழுப்பு நார்ப் படலத்தில் மட்டும் ஓடி மண்ணைத் தொடவில்லை என்றால் படலம் தடித்துவிட்டது. புளூகிராஸிலும் அருகிலும் இது 12 மி.மீட்டரைத் தாண்டினால் சீவி எடுக்க வேண்டும். வேர் வெள்ளையாக, ஆரோக்கியமாக, ஆனால் குட்டையாக இருந்தால் திடலுக்கு வயது போதவில்லை, சீக்கிரம் ஆட விட்டுவிட்டார்கள். மூன்றுக்கும் விதையை மாற்றிப் பயன் இல்லை.

வெக்கையில் ரைகிராஸ் ஒரே வாரத்தில் கருகியது

தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் குழாயைத் திறக்கும் முன் ஒரு இலையைப் பறித்துப் பாருங்கள். நுனி முறுக்கிக்கொண்டு தூண்டில் முள்போல் வளைந்து, இலையில் சாம்பல் நிற நடுவும் பழுப்பு ஓரமும் உள்ள புள்ளிகள் இருந்தால் அது சாம்பல் இலைப்புள்ளி நோய். நெல்லில் குலை நோயை உண்டாக்கும் பூஞ்சையின் நெருங்கிய சொந்தம்தான் இதுவும். இரவெல்லாம் இலை நனைந்திருக்க, வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால் கொண்டாட்டம். மாலையில் தண்ணீர் விட்டால் நோய்க்கு நாமே சோறு போட்டதாகிவிடும். இளம் நாற்றுகள்தான் முதலில் விழும்.

அந்தப் பருவத்துக்குப் பூஞ்சைக்கொல்லி உதவலாம். நிரந்தரத் தீர்வு விதையில் இருக்கிறது. சாம்பல் இலைப்புள்ளிக்கு எதிர்ப்புத் திறன் உள்ள ரைகிராஸ் ரகங்கள் கிடைக்கின்றன. அதிலும் ஒரே ரகத்தை வாங்காமல் மூன்று ரகத்தைக் கலந்து வாங்குங்கள். ஒன்று ஒரு நோய்க்கு விழுந்தாலும் மற்றது நிற்கும். புல் வகைகளைக் கலப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஒரே புல்லின் ரகங்களைக் கலப்பது அதே அளவுக்கு முக்கியம். ரகத்தைத் தேர்வு செய்யப் பையின் படத்தைப் பார்க்காதீர்கள். அமெரிக்காவின் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம் போன்றவை பல இடங்களில் ரகங்களை அருகருகே வளர்த்து, மதிப்பெண் போட்டு வெளியிடுகின்றன. உங்கள் தட்பவெப்பத்துக்கு நெருங்கிய இடத்தின் எண்களை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் இதே கதை என்றால் ரைகிராஸை முதன்மைப் புல்லாக வைப்பதையே விட்டுவிடலாம். ஃபெஸ்கியூவும் புளூகிராஸும், அல்லது அதற்கும் மேல் வெக்கை என்றால் அருகு.

இலை தின்னும் பூச்சிகள் தொந்தரவு என்றால் உள்வாழ் பூஞ்சை உள்ள ரைகிராஸ் அல்லது ஃபெஸ்கியூ ரகம் கேளுங்கள். படைப்புழு, புல் கூட்டுப்புழு போன்ற மேலே மேயும் பூச்சிகளை அது விரட்டும். வேர்ப்புழுவுக்கு அது பெரிதாகப் பயன்படாது. பழைய விதையில், வெப்பமான கிடங்கில் கிடந்த விதையில், இந்தப் பூஞ்சை செத்திருக்கும். அப்புறம் ஒன்று, அந்தத் திடலில் மாடு குதிரை மேய விடக் கூடாது, அவற்றுக்கு நஞ்சு.

அருகம்புல் திடல் குளிரில் வெளுத்துவிட்டது

சாகவில்லை, தூங்குகிறது. மண் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் அருகு வளர்ச்சியை நிறுத்திவிடும். குளிர்காலத்தில் ஆட்டம் இல்லை என்றால் அப்படியே விடுங்கள். ஆட்டம் உண்டு என்றால் மண் 20 டிகிரி அளவுக்கு இறங்கும் நேரத்தில் சதுர மீட்டருக்கு 50 முதல் 75 கிராம் ரைகிராஸை மேல்விதைப்பு செய்யலாம். விலை குறைவு என்று ஒருபருவ ரைகிராஸைப் போட்டால் முரட்டு இலையோடு மளமளவென்று வளர்ந்து, வாரத்துக்கு மூன்று தடவை வெட்டச் சொல்லும்.

இதன் பின்விளைவு வசந்தத்தில் வரும்: ரைகிராஸ் போனதும் அடியில் அருகு இல்லை, மண் தெரிகிறது. ரைகிராஸ் போகத் தாமதமாகி, அருகு அதன் நிழலிலேயே மெலிந்திருக்கும். ரைகிராஸின் போட்டி இல்லாமல் வருடத்துக்கு 100 நாளாவது அருகு வளர வேண்டும் என்பது திடல் பராமரிப்பவர்களிடையே பழகிய கணக்கு. உங்கள் கோடை அதற்குப் போதாது என்றால் ரைகிராஸ் தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து வெட்டி, அதை மட்டும் கொல்லும் களைக்கொல்லியால் முடித்துவிட வேண்டும்.

‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று அருகு, ரைகிராஸ், ஃபெஸ்கியூ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்பதையும் பார்க்கலாம். தயவுசெய்து வாங்காதீர்கள். விதைக்கும் நாளில் மண் சூடாக இருந்தால் ஒன்று தோற்கும், குளிர்ந்திருந்தால் மற்றொன்று தோற்கும்.

விதைத்த அருகு, தொலைக்காட்சியில் பார்த்ததுபோல் இல்லை

இருக்காது. அங்கே நீங்கள் பார்த்த மெல்லிய, கரும்பச்சைப் புல் பெரும்பாலும் கலப்பின அருகு. 1960-ல் ஜார்ஜியாவின் டிஃப்டன் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த டிஃப்வே 419 இதில் பேர்பெற்றது. மலட்டுப் புல், விதை கட்டாது. தண்டாகவோ பாயாகவோதான் நட முடியும். அந்தப் பெயரில் விதைப் பை யாராவது காட்டினால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விதையில் வரும் அருகிலேயே பிரின்சஸ் 77, ரிவியேரா போன்ற மேம்பட்ட ரகங்கள் உண்டு. ரகப் பெயர் எதுவும் போடாத சாதாரண அருகு விதையோடு ஒப்பிட்டால் அடர்த்தியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கூரை நிழல் விழும் பக்கம் மட்டும் மெலிகிறது

அருகு என்றால் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று எண்ணுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் போராடிப் பயனில்லை. அந்தப் பகுதிக்கு ஸோய்சியா, அல்லது குளிர்ந்த ஊர் என்றால் டால் ஃபெஸ்கியூ. ஃபைன் ஃபெஸ்கியூ நிழலைத் தாங்கும் என்று சொல்லி விற்பார்கள். தாங்கும்தான், ஆட்டத்தைத்தான் தாங்காது. கூரை மூடிய பெரிய அரங்குகள் புளூகிராஸ், ரைகிராஸ் கலவையோடு செயற்கை விளக்கும் வைத்துச் சமாளிக்கின்றன. விளக்கு இல்லாமல் அந்தக் கலவையை மட்டும் காப்பியடித்தால் மாதக்கணக்கில்கூட நிற்காது.

வேறு நிறத்தில் திட்டுகள், வெள்ளைக் கதிர்கள்

வெளிர்பச்சைத் திட்டில் குட்டையாக வெள்ளைக் கதிர்கள் வந்தால் அது ஒருபருவ போவா. எவ்வளவு தாழ்த்தி வெட்டினாலும் கதிர் விடும். பெரும்பாலும் மண்ணிலேயே இருந்திருக்கும், சில நேரம் விதையோடு வரும். எங்கிருந்து வந்தது என்று அறியப் பையின் அட்டையில் ‘களை விதை’, ‘பிற பயிர் விதை’ என்ற இரண்டு வரியையும் பாருங்கள். எல்லோரும் களை வரியை மட்டும் பார்ப்பார்கள். தொந்தரவு ஒளிந்திருப்பது இரண்டாவதில்தான், ஏனென்றால் திடலில் களையாகும் புல் பல, வயலில் பயிராகக் கணக்கு வைக்கப்படும். பிற பயிர் 0.5 சதவீதம்தானே என்று விடாதீர்கள். பொடி விதை என்றால் 100 கிலோவில் அது பல லட்சம் விதை. புளூகிராஸ் கலவை வாங்கும்போது இந்த வரி பூஜ்யமாக இருக்கும் பையை, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

மண்ணில் வெள்ளைப் பூச்சு, இலை நுனி கருகல்

பாசனத் தண்ணீரில் உப்பு. தண்ணீரின் மின்கடத்து திறனைச் சோதனைக்கு அனுப்புங்கள். புளூகிராஸ்தான் இதில் முதலில் விழும், ரைகிராஸும் ஃபெஸ்கியூவும் ஓரளவு, அருகு அதற்கும் மேல், பாஸ்பாலம் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் பாஸ்பாலம் நாற்றுப் பருவத்தில் அந்த அளவுக்கு உப்பைத் தாங்காது. முளைத்து வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீரை விட்டு, அப்புறம்தான் உப்புத் தண்ணீருக்கு மாற்ற வேண்டும். மண்ணில் வடிகால் இல்லாவிட்டால் பாஸ்பாலம் போட்டாலும் உப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே குழாய் பதிக்கும் வேலையை விதைப்புக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.